மாநகராட்சி ‘கிராண்ட்’ வாங்கித் தருகிறேன் என்கிறார்... நம்பலாமா?

வட சென்னையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றைத் தவிர்த்துவிட்டு, அவருடைய நீண்ட கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறோம்.

2020 ஊரடங்கின்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேருடன் சேர்ந்து சமைத்துக் கொடுக்கத் தொடங்கியவர் இவர். இன்று மாதந்தோறும் 38 குடும்பங்களுக்கு மளிகை, ஞாயிறுதோறும் சுமார் 60 பேருக்கு மதியச் சாப்பாடு, அவ்வப்போது யாருக்காவது வாடகை பாக்கி, கரண்ட் பில் என்று வேலை வளர்ந்திருக்கிறது. 14 மாதங்களுக்கு முன் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் ஒரு டிரஸ்ட் பதிவு செய்திருக்கிறார்கள். டிரஸ்டிகள் இவர், இவருடைய கணவர், கொழுந்தனார் ஆகிய மூவர். நன்கொடை எல்லாம் இவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கே வருகிறது. கடந்த ஓராண்டில் ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நாத்தனார் மகன், “எங்க ஊர்ல சிட்டியே இந்த மாதிரி வேலைக்கு வருஷாவருஷம் பணம் தருது அத்தை, நீங்களும் கார்ப்பரேஷன்ல கேளுங்க” என்று சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, ரிப்பன் மாளிகையில் தனக்கு ஆள் தெரியும் என்று ஒருவர் வந்திருக்கிறார். 10 லட்சம் ரூபாய் ‘கார்ப்பரேஷன் கிராண்ட்’ வாங்கித் தர 40,000 ரூபாய் ஆகுமாம். ‘ஃபைல் ஓப்பன் பண்ண’ என்று 5,000 ரூபாயை இவரும் அனுப்பிவிட்டார். மீதியைக் கொடுக்கலாமா, நாத்தனார் மகனும் சிங்கப்பூரில் வேலை செய்யும் தங்கையும் பணம் அனுப்பலாமா, டிரஸ்டை விட்டுச் சங்கமாக மாற வேண்டுமா, நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி பதிவு எடுக்க வேண்டுமா என்பவை இவருடைய கேள்விகள். அறக்கட்டளை, சங்கப் பதிவு விவகாரங்களைக் கவனிக்கும் வழக்கறிஞர் பதில் அளிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஊரடங்கு முடிந்ததும் பல இடங்களில் அடுப்பு அணைந்துவிட்டது. நீங்கள் ஏழு பேரும் இன்னும் எரியவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வேலைக்கு ஒழுங்காகப் பணம் வந்து சேர வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. அதனால் கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மளிகை கொடுக்கிற, வாடகைக்கு உதவுகிற அமைப்புகளிடம் விண்ணப்பம் வாங்கி, ஆண்டுக்கு இவ்வளவு என்று மானியம் எழுதிக் கொடுக்கும் வழக்கமான திட்டம் சென்னை மாநகராட்சியில் கிடையாது. மீதி 35,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

நாத்தனார் மகன் சொன்னதும் பொய் இல்லை. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி மத்திய அரசு ஒவ்வோர் ஆண்டும் நகரங்களுக்குச் சமூக வளர்ச்சி நிதி பிரித்துக் கொடுக்கிறது. அதில் பொதுவாக 15 சதவீதம் வரை உணவு, குழந்தைப் பராமரிப்பு, வீடற்றோர் உதவி போன்ற சேவைகளுக்குச் செலவழிக்கலாம். நகர நிர்வாகம் அறிவிப்பு கொடுத்து, தொண்டு அமைப்புகளிடம் விண்ணப்பம் வாங்கிப் பிரித்துத் தருகிறது. நம் ஊரில் அடிப்படைத் தேவைகளுக்கான அரசுப் பணம் வேறு வாய்க்கால்களில் ஓடுகிறது. அரிசி ரேஷன் கடை வழியாக வருகிறது; முதியோர் உதவித்தொகையை வருவாய்த் துறை தருகிறது; மருத்துவச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; அம்மா உணவகத்தை மாநகராட்சியே நேரடியாக நடத்துகிறது. இடையில் ஓர் அமைப்பின் கையில் பணத்தைக் கொடுத்து ‘நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் இடங்கள் குறைவு. இருக்கிற அந்தச் சில இடங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த 5,000 ரூபாய்

கிராண்ட் வாங்கித் தருவதாக வந்தவரிடம் நான்கே விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: திட்டத்தின் பெயர், அரசாணை எண் அல்லது மாநகராட்சி மன்றத் தீர்மான எண், விண்ணப்பப் படிவம், எந்த அலுவலரின் பெயருக்கு விண்ணப்பம் போகிறது. உண்மையான திட்டம் எதுவானாலும் இந்த நான்கும் இருக்கும். வாட்ஸ்அப்பில் கேட்டால் போதும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த உரையாடல் உங்களுக்குச் சாட்சி. ஜிபே பரிவர்த்தனையின் ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த செய்தியில் 5,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். தராமல் இழுத்தடித்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு இதற்குப் பொருந்தும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ‘உள்ளே இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும்’ என்று அவர் சொல்லி, அது தெரிந்தே நீங்கள் மீதியைக் கொடுத்தால் விஷயம் வேறாகிவிடும். ஊழல் தடுப்புச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு. ஆனால் உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வாய்ப்பு என்று நம்பித்தான் கொடுத்தீர்கள். ஆகவே அந்தப் பாதுகாப்பை நம்பி மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை என்று முகவரியிட்டு விரைவுத் தபாலில் அனுப்பலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘தொண்டு நிறுவனங்களுக்கு உதவி உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கடந்த நிதியாண்டில் எந்தெந்தப் பணிகள் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் மாதம் எவ்வளவு வழங்கப்பட்டது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அமைப்புகளைத் தேர்வு செய்த அறிவிப்பின் நகல் என்று பிரித்துக் கேளுங்கள். உங்களிடம் வந்த புரோக்கர் எப்படிப்பட்டவர் என்பதை அந்தப் பதில் காட்டிவிடும். அதோடு, உங்களுக்கு நாளைக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதும் அதிலேயே தெரியும்.

மாநகராட்சியிடம் உண்மையில் என்ன கிடைக்கும்?

முதலாவது, வீடற்றோர் காப்பகங்கள். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும், ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பின்னர் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறைகள் வந்தன; ஒரு காப்பகத்தில் குறைந்தது 50 பேர், ஆளுக்கு 50 சதுர அடி என்று கணக்கு வகுத்தன. சென்னையில் மாநகராட்சி கட்டடம் தந்து, நடத்தும் பொறுப்பைத் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கிறது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், மனநலம் பாதிக்கப்பட்டோர், அரசு மருத்துவமனை நோயாளிகளுடன் வந்து தங்குவோர் என்று தனித்தனிக் காப்பகங்கள் உண்டு. நகர நிர்வாகத்தின் பணம் ஒரு தொண்டு அமைப்பின் கைக்கு வருவதற்கு இங்கே இருக்கும் தெளிவான உதாரணம் இதுதான்.

இது உங்களுக்கு இப்போது ஏற்றதா என்று கேட்டால், இல்லை என்பேன். இரவும் பகலும் ஷிப்ட் முறையில் ஆள் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு யாருக்காவது வலிப்பு வந்தால் 108-ஐக் கூப்பிட்டுக் கூடவே போக ஆள் வேண்டும். வருகைப் பதிவேடு, சாப்பாட்டுப் பதிவேடு, மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு எல்லாம் அன்றன்றே எழுதியிருக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் பார்வையிட வருவார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், பணம் செலவுக்குப் பின்னால் வருவது. நீங்கள் செலவழித்து, பில் வைத்து, பயன்பாட்டுச் சான்று கொடுத்த பிறகே தொகை வரும். அதுவும் சில மாதம் தள்ளிப் போகலாம். ஊழியர் சம்பளத்தை அப்படித் தள்ள முடியாது. மூன்று நான்கு மாதச் செலவு கையிருப்பில் இல்லாத அமைப்பு இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் கடனில் விழும். நல்ல மனிதர்கள் நடத்திய அமைப்புகள் இப்படித்தான் மூடப்படுகின்றன.

அதற்குப் பதில், உங்கள் பகுதியில் ஏற்கெனவே காப்பகம் நடத்தும் அமைப்பைப் போய்ப் பாருங்கள். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை அங்கே கொண்டுபோகிறோம் என்று சொல்லுங்கள். பெற்றுக்கொண்டதற்கு அவர்களுடைய லெட்டர்பேடில் கடிதம் வாங்கி வையுங்கள். பின்னாளில் நீங்களே விண்ணப்பிக்கும்போது அனுபவச் சான்றாக அந்தக் கடிதங்கள் பேசும்.

இரண்டாவது, நமக்கு நாமே திட்டம். மக்கள் ஒரு பங்கு போட, அரசு மீதியைப் போட்டுப் பொதுச் சொத்து உருவாக்கும் திட்டம் இது. பூங்கா, பள்ளி வகுப்பறை, நீர்நிலை சீரமைப்பு போன்றவை நடக்கும். சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதிகளும் நிலைத்து நிற்கும் சொத்துகளுக்கானவை. ‘கவுன்சிலரிடம் சொன்னால் வார்டு நிதியில் அரிசி வாங்கித் தருவார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிதி சாலை, விளக்கு, வடிகால் போன்ற வேலைகளுக்கானது. அரிசி பருப்பு வாங்க அதில் வழி இல்லை.

மூன்றாவது, காசாக இல்லாமல் இடமாகவும் அனுமதியாகவும் கிடைக்கும் உதவி. சமுதாயக் கூடத்தில் முகாம் நடத்த அனுமதி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை போன்றவை. மண்டல அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை முத்திரையோடு நகல் வாங்கி வையுங்கள். வாய்மொழியாக ‘சரி, நடத்துங்க’ என்றவர் மாறுதலாகிப் போனால் அடுத்தவருக்கு உங்களைத் தெரியாது.

காப்பகம் போன்ற பணிகளுக்கு அறிவிப்பு வரும்போது பொதுவாகக் கேட்கப்படுபவை: பதிவுப் பத்திரம், அமைப்பின் பெயரில் பான் அட்டை, மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு, ஆண்டறிக்கைகள், தொண்டு நிறுவனங்களைப் பதியும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெற்ற எண், முன் அனுபவச் சான்று. தர்ப்பண் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கே ஐந்தாயிரம், பத்தாயிரம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். டிரஸ்டின் பான், டிரஸ்டிகளின் பான், ஆதார் விவரங்களோடு நீங்களே உட்கார்ந்து முடித்துவிடலாம்.

உடனே மாற்ற வேண்டியது ஜிபே எண்ணை

கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்து போனதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. டிரஸ்ட் பதிவான பிறகும் பணம் உங்கள் சொந்தக் கணக்கில் விழுவதில் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுவதையும் அவருடைய வருமானமாக வருமான வரித் துறை கணக்கிடலாம். 4 லட்சத்துக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். முகம் தெரியாத யாரோ அனுப்பிய ஆயிரம் ரூபாய் ஏதோ ஒரு சைபர் மோசடிப் பணமாக இருந்துவிட்டால், உங்கள் குடும்பக் கணக்கு முடக்கப்படலாம். மூன்றாவதாக, இந்த 14 மாத வேலை டிரஸ்டின் கணக்கில் பதிவாகவே இல்லை. மூன்று ஆண்டுக் கணக்கைக் காட்டுங்கள் என்று நாளைக்குக் கேட்டால், காட்ட ஒன்றும் இருக்காது.

இந்த வாரமே டிரஸ்டிகள் கூடித் தீர்மானம் எழுதுங்கள்: டிரஸ்ட் பெயரில் பான், வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்தில் மட்டும் பணம் எடுக்கும் ஏற்பாடு. கணக்கு திறந்ததும் அதன் கியூஆர் கோடை எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டு, பழைய எண்ணுக்கு அனுப்ப வேண்டாம் என்று அறிவியுங்கள். வந்த 4 லட்சத்துக்கு வங்கி அறிக்கையை அச்சிட்டு, நன்கொடை எது, குடும்பப் பணம் எது என்று ஒவ்வொரு வரியாகக் குறியுங்கள். மளிகைக் கடை பில்களை மாதவாரியாகக் கட்டி ஆடிட்டரிடம் கொடுங்கள். மிச்சம் இருப்பதைத் தீர்மானத்தோடு டிரஸ்ட் கணக்குக்கு மாற்றுங்கள். பழைய தேதியிட்டு ரசீது தயாரிக்கும் யோசனையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஒழுங்கில்லாத உண்மைக் கணக்கைக்கூட விளக்கிவிட முடியும், தயாரித்த கணக்கை முடியாது.

இனிமேல் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உங்கள் மளிகையையே எடுத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு 5 கிலோ அரிசி என்றால் 38 குடும்பத்துக்கு 190 கிலோ. நீங்கள் 25 கிலோ மூட்டை எட்டு வாங்குகிறீர்கள், அதாவது 200 கிலோ. மிச்சம் 10 கிலோ இருப்புப் பதிவேட்டில் அடுத்த மாத முதல் வரியாக வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குப் போயிருந்தால் அப்படி எழுத வேண்டும். இந்த 10 கிலோவைத்தான் தணிக்கையாளர் முதலில் தேடுவார். வாங்கியவர் பட்டியலில் ஒரே பேனா, ஒரே கையெழுத்து ஓட்டம் தெரிந்தால் பட்டியல் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் கைரேகை வாங்குங்கள். ஒரே நாளில் ஒரே கடைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். அந்தச் செலவு வரி விலக்குக் கணக்கில் ஏறாது. வாடகை உதவியை வீட்டு உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். கரண்ட் பில்லை மின் இணைப்பு எண்ணைப் போட்டு நீங்களே ஆன்லைனில் கட்டி ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். உதவி பெறுவோரின் ஆதார் நகலைக் கட்டுக்கட்டாகச் சேர்க்காதீர்கள். கடைசி நான்கு எண் போதும். குழந்தைகள் முகம் தெரியும் படங்களை ஸ்டேட்டஸில் போடுவதையும் நிறுத்துங்கள். கை நீட்டி வாங்குபவருக்கும் தெருவில் ஒரு மரியாதை இருக்கிறது.

டிரஸ்டா, சங்கமா? 80ஜி வேண்டுமா?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். நீங்களும் சரியாக ஏழு பேர். வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஓட்டு இருக்கும் என்பதால் சங்கம் உங்கள் குழுவுக்குப் பொருத்தமாகத் தோன்றுவது இயல்பு. ஆனாலும் டிரஸ்டிலேயே இருங்கள் என்பது என் ஆலோசனை. சங்கம் என்றால் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, மாவட்டப் பதிவாளரிடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு ஆண்டு விட்டுப்போனால் சரிசெய்ய அலைய வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, புதிய அமைப்பு தொடங்கினால் வயது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஏற்கெனவே ஓடிய 14 மாதத்தை ஏன் இழக்க வேண்டும்?

அதற்குப் பதில் டிரஸ்டைத் திறந்துவிடுங்கள். இப்போது டிரஸ்டிகள் மூவரும் ஒரே வீட்டார். சட்டப்படி தவறில்லை, ஆனால் எந்த நிதி தருபவரும் அதைப் பார்த்ததும் தயங்குவார். கூடச் சமைக்கும் ஆறு பேரில் குறைந்தது இருவரையும், ஓய்வுபெற்ற ஆசிரியர் போல வெளியாள் ஒருவரையும் டிரஸ்டிகளாகச் சேருங்கள். அந்த அதிகாரம் பத்திரத்தில் இருந்தால் தீர்மானம் போட்டு, துணைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். நோக்கங்களைத் திருத்துவது வேறு விஷயம். பத்திரத்தில் திருத்த விதி இல்லாவிட்டால் சிவில் நீதிமன்றம் வரை போக நேரிடும். டிரஸ்ட் கலைந்தால் சொத்து அதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குப் போகும், டிரஸ்டிகளுக்கு லாபத்தில் பங்கில்லை என்ற இரண்டு விதிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரெடிமேட் மாதிரிப் பத்திரங்களில் இவை அடிக்கடி விட்டுப்போகின்றன. வருமான வரி விலக்குக்கான 12ஏ விண்ணப்பம் அங்கேதான் சிக்கும்.

12ஏ இல்லாமல் 80ஜி இல்லை. 12ஏ டிரஸ்டின் வருமானத்துக்கான விலக்கு. 80ஜி நன்கொடை தருபவருக்கான சலுகை. வருமான வரிச் சட்டம், 2025 வந்து பிரிவு எண்கள் மாறினாலும் ஆடிட்டர்கள் பழைய பெயரிலேயே பேசுகிறார்கள், நீங்களும் அப்படியே கேட்கலாம். வேலை தொடங்காத டிரஸ்டுக்கு மூன்று ஆண்டுத் தற்காலிகப் பதிவு, தொடங்கிவிட்டதற்கு வழக்கமான பதிவு என்று இரண்டு வழி இருக்கிறது. நீங்கள் தொடங்கிவிட்டீர்கள். சுலபம் என்று தற்காலிகத்துக்குப் போட்டுவிட வேண்டாம் என்று ஆடிட்டரிடம் சொல்லுங்கள். அரசுக் கட்டணம் எதுவும் இல்லை, ஆடிட்டர் கூலி மட்டும்தான்.

80ஜி கிடைத்ததும் நன்கொடை கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் கிடையாது. 80ஜி தேவைப்படுவது கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதிக்குத்தான். அதற்கு 12ஏ, 80ஜி இரண்டும், மூன்று ஆண்டு அனுபவமும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். பசிப்பிணி போக்குவது கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் முதல் இனமாகவே இருக்கிறது. எண்ணூர், மணலி, அம்பத்தூர் பக்கத் தொழிற்சாலைகள் உங்களுக்குத் தொலைவும் இல்லை. இன்னும் 22 மாதத்தில் உங்கள் டிரஸ்டுக்கு மூன்று வயது. அதற்குள் கணக்கு ஒழுங்கானால் அந்தக் கதவைத் தட்டலாம்.

தங்கையும் நாத்தனார் மகனும்

இருவரும் வெளிநாட்டில் இருந்தாலும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. தங்கையிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக டிரஸ்டுக்கு அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலும், இது என் சொந்தப் பணம் என்ற கடிதமும் வாங்கி வையுங்கள். நாத்தனார் மகன் அமெரிக்கக் குடிமகன். இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-ன்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது; ஐந்து ஆண்டு வரை சிறைக்கு வழி உண்டு. ‘அத்தை கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து டிரஸ்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்ற யோசனை அந்தச் சட்டத்தை மீறுவதற்கே சமம். அந்தப் பதிவுக்கும் மூன்று ஆண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் பணிச் செலவும் காட்ட வேண்டும். அவருக்கு மனம் இருக்கிறது. கணக்குப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் அமைத்துத் தரச் சொல்லுங்கள், அதற்குத் தடை இல்லை.

38 குடும்பங்களின் உரிமைப் பணம்

இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் 10 லட்சத்தைத் தேடி அலைவதை விட இது பலன் தரும் என்று நம்புவதால் எழுதுகிறேன். 38 வீட்டுக்கும் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு வீட்டிலும் ரேஷன் கார்டு இருக்கிறதா, அரிசி வாங்குகிறார்களா, முதியோர் அல்லது விதவை உதவித்தொகை வருகிறதா, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை வருகிறதா, காப்பீட்டு அட்டை இருக்கிறதா, வீட்டு வேலை, கட்டட வேலை செய்வோர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று எழுதுங்கள். முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தத் தொகையை வைத்தே கணக்கிட்டால் தகுதி இருந்தும் வாங்காத ஆறு பேருக்கு வாங்கிக் கொடுத்தாலே ஆண்டுக்கு 86,400 ரூபாய், நேராக அவர்கள் கைக்கே வரும். காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை.

விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம்தான். கார்டு இன்னும் சொந்த ஊர் முகவரியில் இருக்கும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்து மெஷின் ஏற்காது. அப்போது கண் கருவிழிப் பதிவு வழியாக வாங்கலாமா என்று கடையில் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார். ஆதாரில் ஒரு பெயர், கார்டில் இன்னொரு பெயர் இருக்கும். உங்களில் ஒருவர் வாரம் ஒரு நாள் இ-சேவை மையத்துக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் இவர்களோடு போனால் போதும். மனு எண்ணை நோட்டில் குறித்துத் தொடருங்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஓராண்டு முடிவில் இந்த நோட்டு உங்கள் ஆண்டறிக்கையின் மிக வலுவான பக்கமாக இருக்கும். மளிகை கொடுத்த எண்ணிக்கையைப் பலரும் காட்டுவார்கள், மளிகை தேவைப்படாமல் போன குடும்பங்களைக் காட்டுபவர்கள் குறைவு.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமைச் சமையல். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006 லாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உணவு வழங்குவதை உணவுத் தொழிலாகவே கருதுகிறது. உங்கள் அளவுக்குச் சிறிய பதிவே போதுமானது, ஆன்லைனில் செய்யலாம். டிரஸ்ட் பெயரில் எடுங்கள். சமைத்த சோறு சாம்பாரைச் சூடு குறையாமல் நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள். கோடையில் தயிர் சாதத்துக்கு அவ்வளவு நேரம்கூட இல்லை.

டிரஸ்ட் பத்திரத்தின் நகலை, முகவரிகளை மறைத்து, இந்தப் பகுதிக்கே அனுப்பிவையுங்கள். புதிய டிரஸ்டிகளைச் சேர்க்கவும் நோக்கங்களைத் திருத்தவும் அதில் இடம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, துணைப் பத்திரத்தில் எழுத வேண்டிய வாசகத்தை உங்களுக்குத் தனியே எழுதி அனுப்புகிறேன்.